மயில் அழிந்துவரும் இனமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கயம் பகுதியில் மயில்களால் உழவர்கள் படும் பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, மயிலை 'அழிந்துவரும் இனம்' என்று குறிப்பிட்டிருந்தது. விதைத்த நிலக்கடலையை மயில்கள் கிளறித் தின்றுவிட, ஒரே பட்டத்தில் இரண்டாம் முறையும் விதை வாங்க நேர்ந்த எனக்கு, அந்தச் சொல்லைக் கண்டதும் சிரிப்புதான் வந்தது. விடியலில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியோரம் நின்று பார்ப்பவர் எவரும் அப்படி எழுதமாட்டார்.

இரண்டு வெவ்வேறு பட்டியல்கள் ஒன்றாகக் கருதப்பட்டதால் நேர்ந்த பிழை இது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் பேணிவரும் சிவப்புப் பட்டியல், எண்ணிக்கை குறையும் வேகத்தையும் வாழிடப் பரப்பையும் அளந்து உயிரினங்களைத் தரம் பிரிக்கிறது. அதில் மயில், கவலை குறைந்த இனம். அப்பட்டியலைக் கொண்டு நம் நாட்டில் யாரையும் தண்டிக்க இயலாது. தண்டிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். உயிரினங்களைப் பட்டியலிடும் அதன் ஆறு அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நான்காகச் சுருங்கிய பின்னும், 1963 முதல் தேசியப் பறவையாக இருக்கும் மயில், மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையிலேயே நீடிக்கிறது. அதைக் கொன்றவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

உழவருக்கு உறைக்கும் வேறுபாடு சட்டத்தின் 11ஆவது பிரிவில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணையில் உள்ள காட்டுப்பன்றி, நிற்கும் பயிருக்குக் கேடு செய்தால்கூட அதைக் கொல்லத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். முதல் அட்டவணை விலங்கானால், மனித உயிருக்கு ஆபத்து என்றோ, மீள முடியாத நோயோ ஊனமோ கொண்டது என்றோ ஆனால் மட்டுமே தரலாம். அட்டவணையைத் திருத்தும் அதிகாரமும் மத்திய அரசுக்கே உரியது என்பதால், மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்து மயிலை வேறு அட்டவணைக்கு மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்பது என் கருத்தும் அன்று (முருகனின் வாகனம் என்ற தயக்கமும் இதில் சிறிது உண்டு என்பதை மறைக்கவில்லை). காட்டோரம் அல்லாத ஊர்களிலும் பயிர்ச் சேதத்துக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைத்தால் போதும்.

உண்மையிலேயே அழிவின் விளிம்பில் நிற்கும் பறவை நமக்கு அருகிலேயே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. வெண்முதுகுப் பாறு எனும் அப்பிணந்தின்னிக் கழுகு, சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனம். மயிலோடு அதே முதல் அட்டவணையிலும் உள்ளது. ஆனால் அதை வீழ்த்தியது வேட்டைக்காரனின் துப்பாக்கி அன்று. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகச் சென்று அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. கால்நடைகளுக்கு அம்மருந்து 2006இல் தடை செய்யப்பட்டதும் மருந்துச் சட்டத்தின் வழியாகத்தான்.

பாறுக்கும் மயிலுக்கும் ஒரே அடைமொழியைத் தங்கள் இதழ் சூட்டினால், கடலைக்காட்டில் மயிலைத் துரத்தி அலுத்தவர் பாறு பற்றிய செய்தியையும் நம்பமாட்டார். ஆகவே இனி மயிலைக் குறித்து எழுதுகையில், 'சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை' என்று மட்டும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.