சுகோத்கா தொகுதி: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையான தூமாவின் தொகுதிகளை அட்டவணையாக்கிக்கொண்டே வந்தவன், நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுகோத்காவில் மாட்டிக்கொண்டாய் போலிருக்கிறது. முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளருக்கு ஒரு எம்.பி.யா, அச்சுப்பிழையா என்று கேட்டிருக்கிறாய். பிழை இல்லை. அந்த எண்ணைப் புரிந்துகொண்டால் தொகுதியின் வரலாறு பாதி புரிந்தமாதிரி.

தூமாவில் 450 இடங்கள். அதில் பாதி, 225, ஒற்றை உறுப்பினர் தொகுதிகள். 2016 கணக்கில் சுமார் 11 கோடி வாக்காளர்களை 225ஆல் வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 4.9 லட்சம் வரும். ஒரே மாகாணத்துக்குள் வரும் தொகுதிகள் அந்த மாகாணச் சராசரியிலிருந்து பத்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். எளிதில் எட்டமுடியாத பகுதிகளில் பதினைந்து. ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் தள்ளிவைக்கும் விதி ஒன்று உண்டு: ரஷ்யக் கூட்டமைப்பின் ஒவ்வோர் உறுப்புப் பகுதிக்கும் (மாகாணம், தன்னாட்சி வட்டாரம் போன்றவை) குறைந்தது ஒரு தொகுதி கொடுத்தே ஆகவேண்டும். அதனால்தான் சுகோத்காவுக்கு ஓர் இடம். ஏழு லட்சத்துக்கும் மேல் வாக்காளர் கொண்ட அஸ்த்ராகான் மாகாணத்துக்கும் அதே ஓர் இடம்தான்.

சுகோத்கா 1992இல் மகதான் மாகாணத்திலிருந்து தனியே பிரிந்தது. அரசமைப்பு நீதிமன்றம் 1993 மே மாதம் அது செல்லும் என்றது. ரஷ்யாவின் தன்னாட்சி வட்டாரங்களில் வேறெந்த மாகாணத்துக்குள்ளும் அடங்காதது இது ஒன்றுதான். இதன் பயன் பின்னால் தெரிந்தது. 2005 முதல் 2008 வரை சின்ன வட்டாரங்களைப் பக்கத்து மாகாணங்களோடு இணைத்தார்கள்: கோமி-பெர்ம்யாக், ஈவென்கியா, தைமீர், கொர்யாக், உஸ்த்-ஓர்தா, அகா. ஆறும் தனித்தொகுதியை இழந்தன. சுகோத்காவை யாரும் தொடவில்லை.

நீ குழம்பிய தொகுதி எண்ணும் இதோடு சேர்ந்ததுதான். தன்னாட்சி வட்டாரங்கள் பட்டியலின் கடைசியில், ரஷ்ய அகரவரிசையில் வரும். 2003 வரை சுகோத்கா 223, ஈவென்கியா 224, யமால்-நெனெத்ஸ் 225. நடுவில் இருந்த ஈவென்கியா மறைந்ததும் 2016இல் சுகோத்கா 224 ஆனது. ஆகவே எண்ணை வைத்துத் தேடாதே, பெயரை வைத்துத் தேடு. 2016க்குப் பிறகு 223 என்று போட்டால் நிஜ்னெவார்தோவ்ஸ்க் வந்து நிற்கும்.

இனி ஆட்கள். 1993இலும் 1995இலும் வென்றவர் தத்யானா நெஸ்தெரென்கோ. நிதித்துறை ஆள், 1998இல் மத்தியக் கருவூலத்துக்குப் போய்ப் பின்னாளில் நிதித் துணை அமைச்சர் ஆனார். அந்தப் பத்தாண்டில் தொகுதியே கரைந்துகொண்டிருந்தது. 1989இல் சுமார் 1,64,000 பேர் இருந்த இடத்தில் 2002 கணக்கெடுப்பில் 53,824 பேர்தான். சோவியத் காலத்தின் வடக்குப்படிச் சம்பளம் மதிப்பிழந்தது, சுரங்கங்கள் மூடின, ஜனங்கள் 'பெருநிலம்' என்று அவர்கள் சொல்லும் மேற்குப் பக்கம் போய்விட்டார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: ஊரைவிட்டுப் போனவர் எல்லாரும் முகவரிப் பதிவை நீக்கவில்லை. பட்டியல் வீங்கினால் வாக்குப்பதிவு சதவீதம் இளைத்துத் தெரியும். அன்றைய சட்டப்படி 25 சதவீதம் பதிவாகாவிட்டால் தேர்தலே செல்லாது என்பதால் இது வெறும் புள்ளிவிவரச் சிக்கல் அல்ல. அந்த வரம்பை 2006இல் எடுத்துவிட்டார்கள். நம் நோட்டா போல வாக்குச்சீட்டில் இருந்த 'எல்லோருக்கும் எதிராக' என்ற கட்டமும் அதே ஆண்டு போயிற்று. பழைய முடிவுகளைக் கூட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டால் மொத்தம் நூறு வராது.

1999 டிசம்பர் 19. ரோமன் அப்ரமோவிச், சிப்னெஃப்த் எண்ணெய் நிறுவனத்தின் முதலாளி, சுமார் 60 சதவீதம் வாங்கி வென்றார். எங்கோ இருக்கும் சுகோத்கா எதற்கு என்று அப்போதே எல்லாரும் கேட்டார்கள். அரசமைப்பின் 98ஆம் பிரிவு தூமா உறுப்பினருக்குத் தரும் கைது விலக்குக்காக என்பது பரவலான பேச்சு. அதே நாளில் இன்னொரு பெரும் பணக்காரர் போரிஸ் பெரெசோவ்ஸ்கி காகசஸ் பகுதியின் கராசாய்-செர்கெஸ்யாவில் வென்றதையும் பக்கத்தில் வைத்துப் பார். இருவருமே வாக்காளர் குறைவான இடமாகப் பார்த்துத்தான் போனார்கள். காரணம் என்னவானாலும், பணம் உள்ளவருக்கு ஒரு தொகுதியின் மொத்த வாக்காளரையும் நேரடியாகத் தொட்டுவிட முடிகிற இடம் இது என்பது என் எண்ணம். நாலைந்து லட்சம் பேருள்ள தொகுதியில் அது நடக்காது.

ஓராண்டுக்குள் 2000 டிசம்பரில் அவர் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஆளுநரானார். தூமா உறுப்பினர் வேறு அரசுப் பதவி வகிக்கமுடியாது, இடம் காலியானது. 2001 இடைத்தேர்தலில் விளதீமிர் ஏத்திலின் வந்தார். சுக்சி இனத்தவர், சோவியத் காலத்திலிருந்தே அறிந்த முகம். மக்கள்தொகையில் சுக்சிகள் ஏறக்குறைய கால்பங்குதான் என்பதைக் கவனி. இந்த வரிசையில் எனக்குப் பிடித்த பெயர் இவர்தான். 2003இல் அப்ரமோவிச் அணியின் இரீனா பான்சென்கோ. அதன்பிறகு 2007, 2011 இரண்டுக்கும் அட்டவணையில் 'காலி' என்று எழுதாதே. 2005 சட்டம் 450 இடங்களையும் கட்சிப் பட்டியலுக்குக் கொடுத்துவிட்டது, தொகுதி என்ற ஒன்றே இல்லை. 2014 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2016இல் வலென்தீனா ருத்சென்கோ, 2021இல் யெலேனா யெவ்தியூகோவா, இருவரும் ஆளுங்கட்சியான ஐக்கிய ரஷ்யா. இவ்விரண்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை.

சுயேச்சைகள் ஏன் இல்லை என்று கேட்டிருந்தாய். 2014 சட்டத்தில் பதில் இருக்கிறது. கையெழுத்துத் திரட்டுவதிலிருந்து விலக்குப் பெற்ற கட்சியின் ஆளாக இல்லாதவர் தொகுதி வாக்காளரில் 3 சதவீதத்தின் கையெழுத்தைத் திரட்டவேண்டும். ஆனால் ஒரு லட்சத்துக்குக் குறைவான வாக்காளர் இருந்தால் குறைந்தது 3,000. மற்ற இடங்களில் முப்பத்துமூன்று பேரில் ஒருவர் போதும், சுகோத்காவில் ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர் கையெழுத்திடவேண்டும். ஒவ்வொரு வரியிலும் பாஸ்போர்ட் எண், முகவரி, பிறந்த ஆண்டு. கையெழுத்தும் தேதியும் வாக்காளரின் சொந்தக் கையில். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பழுதானால் மனு தள்ளுபடி. பிலிபினோ, பெவேக், எக்வெகினோத், புரொவிதேனியா ஊர்களுக்கு இடையே ஆண்டு முழுதும் ஓடும் சாலை கிடையாது. தலைநகர் அனாதீரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகவே கழிமுகத்தைக் கடக்கவேண்டும். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் பாதை, நீர் உறையும் உருகும் வாரங்களில் ஹெலிகாப்டர். இந்த நிலையில் சுயேச்சை எங்கிருந்து வருவார்?

முன்கூட்டிய வாக்குப்பதிவும் இதே புவியியலால்தான். கலைமான் மேய்ப்பர் முகாம், வானிலை நிலையம், கப்பல் ஆகியவற்றுக்குச் சில வாரம் முன்னதாகவே முத்திரையிட்ட கைப்பெட்டியோடு சாவடி அலுவலர்கள் போவார்கள். வழக்கமாக மி-8 ஹெலிகாப்டர். மூடுபனி இறங்கினால் பயணம் தள்ளிப்போகும். அதற்குள் முகாம் வேறு மேய்ச்சலுக்கு நகர்ந்திருக்கும். பார்வையாளருக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பது விதி, ஆனால் சரக்கும் எரிபொருளும் போக எத்தனை இருக்கை மிஞ்சும் என்பது வேறு விஷயம். 2003 வரை தேர்தல் டிசம்பரில், பனிப்புயலும் இருட்டும் சேர்ந்த மாதம். 2016இலிருந்து செப்டம்பர் என்பதால் இந்த வேலை கொஞ்சம் இலகுவாயிற்று.

கடைசியாக நேரம். சுகோத்கா மாஸ்கோவுக்கு 9 மணி முந்தியது. அங்கே இரவு 8 மணிக்குச் சாவடி மூடும்போது மாஸ்கோவில் காலை 11. நாட்டின் மேற்குக் கோடியான கலினின்கிராதில் பதிவு முடிய இன்னும் பத்து மணி நேரம் இருக்கும். அதுவரை எண்ணிய முடிவைக்கூட வெளியிடக்கூடாது. அட்டவணையில் 'முதலில் வந்த முடிவு' என்று ஒரு பத்தி வைத்திருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அதற்குப் பதில் தேர்தல் நாளன்று பட்டியலில் இருந்த வாக்காளர் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி சேர்.

நெனெத்ஸ் தொகுதியைத் தொடங்கியதும் எழுது. அதிலும் இந்த 3,000 கையெழுத்துக் கணக்கு வரும்.

அன்புடன்,
இளங்கோ