அந்த நாற்காலியை ஏன் விற்கவில்லை என்று கேட்டாயே

பாப்பா,

நம் ஹாலில் நிற்கும் அந்தப் பழைய எஜெக்‌ஷன் சீட்டை, ஆபத்தில் விமானியைப் போர் விமானத்திலிருந்து வெளியே தூக்கி எறியும் இருக்கையை, ஏன் விற்கவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்தில் நின்று சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்கும் வாயில் சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆபத்தில்லையா என்றாய். இல்லை. அதற்குள் ஒரு பொட்டு வெடிமருந்துகூடக் கிடையாது. வாங்கும் முன்பே இங்கே சிங்கப்பூரில் அதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டேன், இங்கிலாந்தில் விற்றவரிடம் தோட்டாக்கள் எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன என்ற தாளையும் வாங்கிய பிறகுதான் பணம் அனுப்பினேன். வந்ததும் நானே மறுபடி திறந்து பார்த்தேன். இருக்கையோடு ஆளைத் தூக்கும் கன், இருக்கையைப் பிடிக்கும் சின்னப் பாராசூட்டைச் சுடும் கன், இரண்டும் வெறும் குழாய்தான். இந்த விஷயத்தில் யார் சொல்லையும் நம்பக் கூடாது என்று தெங்கா விமானப்படைத் தளத்தில் முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் ஹண்டர் போர் விமானங்களில் வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், என்ன வேலை என்று சரியாகச் சொன்னதே இல்லை. எஜெக்‌ஷன் சீட்தான் என் வேலை. 1992-ல் ஹண்டரை நிறுத்தும் வரை அதுதான். விமானி தலைக்கு மேலே இருக்கும் மஞ்சள் கறுப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பார், கூடவே ஒரு கித்தான் திரை வந்து முகத்தை மூடும். அது காற்று அறையாமல் முகத்தைக் காக்கும், இழுக்கிற இழுப்பில் தலையும் முதுகும் நேராக நிற்கும். விமானத்தின் மேல்மூடி கழன்று போன பிறகு முதல் தோட்டா வெடித்து இருக்கையை மெல்லக் கிளப்பும், குழாய் நீள நீள அந்த நெருப்பே மற்றத் தோட்டாக்களையும் பற்றவைக்கும். எல்லாம் ஒரே அடியாக வெடித்தால் முதுகெலும்பு நொறுங்கிவிடும், அதனால்தான் இப்படிப் படிப்படியாக. அப்புறம் சின்னப் பாராசூட் இருக்கையை உருளாமல் பிடிக்கும். உயரத்தில் இருந்தால் 10,000 அடிக்குக் கீழே வரும்வரை ஒரு பூட்டு விடாது, வந்ததும் கடிகாரம் மாதிரி ஒரு பொறி ஓடி ஆளை இருக்கையிலிருந்து பிரித்துப் பெரிய பாராசூட்டை விரிக்கும். கணினி இல்லை. ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் வெடிமருந்தும்தான். முதன்முதலில் வந்த இருக்கையில் விமானியே பட்டியைக் கழற்றிக்கொண்டு வெளியே தாவ வேண்டும், மயங்கிவிட்டால் கதை முடிந்தது. அதை யோசித்து மாற்றியவர்களை நான் கும்பிடுவேன்.

இதைச் செய்த மார்ட்டின் பேக்கர் கம்பெனியின் பெயரில் இருக்கும் பேக்கர், 1942-ல் அவர்கள் செய்த விமானத்தையே சோதனைக்கு ஓட்டிச் செத்துப்போனார். கூட்டாளி ஜேம்ஸ் மார்ட்டினுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அதற்குப் பிறகு விமானி உயிரோடு வெளியே வருவதுதான் அவருடைய வேலையாகவே ஆகிவிட்டது. 1946 ஜூலை 24-ல் பெர்னார்ட் லிஞ்ச் என்பவர், பறக்கும் மீட்டியர் விமானத்திலிருந்து தானாக முன்வந்து அந்த இருக்கையோடு வெளியே போய்க் காட்டினார். இன்று வரை அவர்களுடைய இருக்கைகளில் 7,700 பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள்.

சரி, நம் ஹாலில் நிற்பதற்கு வருகிறேன். முன்பு வைத்திருந்தவர் அழகாக இருக்கட்டும் என்று பளபளக்கும் கறுப்பு பெயின்டை மேலே அடித்துவிட்டார். அதை எடுக்கத்தான் எட்டு மாதம். கம்பி பிரஷ் போடக் கூடாது, அலுமினியம் கீறிவிடும். பிளாஸ்டிக் சுரண்டிதான். அடியில் இருக்கும் பழைய மஞ்சள் பூச்சு விஷம், அதனால் உலர்வாகத் தேய்க்கவே மாட்டேன், நனைத்து, முகமூடி போட்டு. நம் ஊர் ஈரத்தில் இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேர்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஒரு போல்ட்டுக்குப் பத்து நாள் எண்ணெய் ஊற்றி ஊற்றி, ஒரு சாயங்காலம் அது சத்தமில்லாமல் திரும்பியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கழற்றிய சின்னச் சாமான் எல்லாம் பெயர் எழுதிய டப்பாக்களில் வீட்டுப் பாம் ஷெல்டர் அறையில் இருக்கிறது. முகத்திரை கிழிந்திருந்தது, அதை அம்மாதான் தைத்தாள், மிஷினில் ஊசி இரண்டு தடவை உடைந்த பிறகு கையாலேயே.

உட்காரும் இடத்தின் விளிம்பில் ஒரு இடத்தில் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறது. ஏறி இறங்கிய ஆட்களின் தொடை பட்டுத் தேய்ந்தது. அதை மட்டும் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். வெளியே எறியப்பட்ட இருக்கை தனியாகப் பிரிந்து தரையில் விழுந்து நசுங்கும். அப்படியானால் இது முழுசாக நிற்கிறது என்றால், இதில் உட்கார்ந்த யாருக்கும் அந்தக் கைப்பிடியை இழுக்க வேண்டி வரவில்லை. அத்தனை முறை ஏறியிருக்கிறார்கள், அத்தனை முறையும் இறங்கிச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். என் வேலையும் அப்படித்தான் இருந்தது பாப்பா. பாதுகாப்புப் பின்னைப் போட்டு, கழற்றி, எண்ணி, கையெழுத்துப் போட்டு அனுப்புவேன், விமானம் திரும்பி வரும். நான் செய்தது சரியாக வேலை செய்யுமா என்று பார்க்கிற வாய்ப்பு வரவே இல்லை, வரக் கூடாது என்றுதான் தினமும் நினைத்துக்கொண்டேன். அதனால் எனக்குக் காட்ட ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. இந்த ஒன்றைத்தான் கையில் எடுத்து, இதோ பார், இதுதான் நான் செய்தது என்று உனக்குக் காட்ட முடியும். பாய லேபார் விமானத் தளத்திலிருந்து ஜெட் கிளம்பி நம் புளோக் மேலே போகும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஒரு உதவி. லண்டனில் காலின்டேல் ஸ்டேஷனில் இறங்கினால் ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான், உள்ளே போகக் காசு இல்லை. பழைய மார்ட்டின் பேக்கர் இருக்கை எது கண்ணில் பட்டாலும் தோள்பட்டிகள் எந்தப் பக்கம் மடிந்து உள்ளே போகின்றன என்று கிட்டே போய் நாலு படம் எடுத்து அனுப்பு. இடப்பக்கம் நான் போட்டிருப்பது தப்போ என்று சந்தேகம். குளிர் விட்ட பிறகு போனால் போதும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அப்பா