நாவலடியில் விழுந்த பிறைகள்

கல்லடி, மட்டக்களப்பு
05.01.2020

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் எனக்கு ஏச்சு. நீ நடுச்சாமத்தில் எழும்பி, கூட்டாளிகளின் வாகனத்தில் தொற்றிக்கொண்டு, கத்தாரின் தெற்கே சவூதி எல்லைப் பக்கம் போய் சூரிய கிரகண வளையத்தைப் பார்த்துவிட்டாயாம். நான் இங்கிருக்கிற திருகோணமலைக்கு பஸ் ஏறவில்லையாம். சரி, பதில் சொல்கிறேன்.

2010இல் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை. ஜனவரி 15. தை அமாவாசையும் மாட்டுப் பொங்கலும் வெள்ளிக்கிழமையும் ஒன்றாக வந்த நாள். நீ ஜும்ஆ முடித்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சைக்கிளில் வந்து சேர்ந்தாய். யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் போல முழு வளையம் நின்றது. நமக்குக் கிடைத்தது யாரோ கடித்துவிட்டு வைத்த ரொட்டி. அம்மாவின் நெஞ்சு எக்ஸ்ரேயை மாறி மாறிக் கண்ணில் பிடித்துக்கொண்டு நின்றோமே, அந்தப் படம் கண்ணைக் காக்காது என்று அப்போது நமக்கு யார் சொன்னது? அடுத்த வளையத்தை எங்கே போயாவது சேர்ந்து பார்ப்போம் என்று வாக்குக் கொடுத்தேன். அது டிசம்பர் 26இல் வந்து விழும் என்று தெரிந்திருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்.

அன்றைக்குக் காலை நான் எங்கே நிற்பேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சுனாமிக்கு இது பதினைந்தாவது வருட நினைவு. நாவலடி நினைவுத் தூபியில் அக்காவின் பெயருக்கு நேரே ஈரம் படிந்து பாசி பிடித்திருந்தது. மருமகள் தேங்காய்த்தும்பால் தேய்த்துக் கழுவினாள். ஒன்பது இருபத்தைந்துக்கு இரண்டு நிமிட மௌனம் தொடங்கும்போது சூரியனில் முக்கால்வாசி போயிருக்கவேண்டும். மழை மேகம் மூடியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் மாறியது. மாலை மங்கல் மாதிரி அல்ல. மாலையில் மஞ்சள் கலந்திருக்கும். இது ஈயப் பாத்திரத்தின் நிறம். கடலும் அதே நிறம். பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "அன்றைக்கும் இதே நேரந்தானே" என்று மெதுவாகச் சொன்னார். அது போதும். இரண்டு மூன்று பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீதிப்பக்கம் நடந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை, மச்சான். என் காலும் ஒரு அடி பின்னால்தான் போனது. சுனாமி வந்த அன்று பௌர்ணமி, இன்றைக்கு அமாவாசை, இரண்டுக்கும் முடிச்சுப் போட ஒன்றுமில்லை என்று எனக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து மேகம் கிழிந்தது. கண்ணாடி கொண்டுபோகவில்லை, துக்கத்துக்குப் போகிறவன் கிரகணக் கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டா போவான்? அப்போதுதான் மருமகள் கூப்பிட்டாள். மீன்வாடி ஒன்று இருக்கிறதல்லவா, கூரையின் தென்னோலைக் கிடுகு மக்கி ஓட்டை விழுந்த பழைய வாடி, அதன் உள்ளே மணல் தரையெல்லாம் பிறைகள். ஒன்றல்ல, இரண்டல்ல, நூற்றுக்கணக்கில். கிடுகின் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு சூரியனைக் கொண்டுவந்து தரையில் போட்டிருந்தது. வலைக் குவியலின்மேல் பிறை, கவிழ்த்துவைத்த வாளியில் பிறை, மருமகளின் வெள்ளைச் சட்டை முழுக்கப் பிறை. மற்ற நாளில் அதே ஓட்டைகள் வட்ட வட்டமாக விழுத்துவதும் சூரியனின் உருவத்தைத்தானாம். நாம் அதை வெறும் வெயில் என்று மிதித்துக்கொண்டு போகிறோம். காற்றில் கிடுகு அசைய அத்தனையும் சேர்ந்து அசைந்தன. வீதிக்குப் போன பெண்களும் பிள்ளைகளோடு திரும்பி வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒரு சின்னவன் பிறையைக் கையில் ஏந்தி இன்னொருவனின் கையில் ஊற்றப்பார்த்தான். பிறகு மேகம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது.

உன் வளையத்துக்கு ஈடாக என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நல்ல ஈடு என்றுதான் நினைக்கிறேன்.

நீ வளையம் பார்த்து அரை மணித்தியாலத்தில் நிழல் அரபிக் கடலைத் தாண்டி, கோயம்புத்தூர், திருச்சியைத் தடவிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. பிறகு சுமாத்திரா, சிங்கப்பூர். நம்மூர்க்காரர் உழைக்கப் போகிற இடமாகப் பார்த்துத்தான் போயிருக்கிறது. திருகோணமலையில் தம்பி முழு வளையத்தைப் பார்த்தானாம். மூன்று நிமிடம் போல நின்றதாம். நிலா தூரத்தில் நின்றதால் சூரியனை முழுதாக மூடப் போதவில்லை, அதுதான் விளிம்பு மிஞ்சியது என்று தொலைபேசியில் எனக்குப் பாடம் வேறு நடத்தினான்.

அம்மாவுக்கு இதெல்லாம் கிரகணமே இல்லை. 1955 ஜூன் 20இல், அவவுக்கு ஒன்பது வயதில், காலையிலேயே இருட்டிக் கோழிகள் கூட்டுக்குள் ஏறினவாம். அன்று வசம்பு தின்றால் வெள்ளையாகலாம் என்று நாட்டில் ஒரு கதை பரவி, பலர் வாந்தியும் வயிற்றோட்டமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். "நாங்கள் தின்னவில்லை" என்கிறா. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னா. இந்த முறை பக்கத்து வீட்டில் தாம்பாளத்து மஞ்சள் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி, கிரகணத்தால் நிற்கிறது என்று ஊரைக் கூட்டினார்கள். மறுநாள் நானும் நிறுத்திப் பார்த்தேன், நின்றது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை.

பின்னேரம் காத்தான்குடிக்குப் போய் உம்மாவைப் பார்த்தேன். ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு உங்கள் வீட்டுப் படியேற இத்தனை மாதம் எடுத்துக்கொண்டதற்கு எனக்குத்தான் வெட்கம். உம்மா அதைப்பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. கிரகணத் தொழுகை தொழுததைச் சொன்னா. நபியின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் கிரகணம் பிடித்ததாம். அந்தப் பிள்ளைக்காகத்தான் சூரியன் இருண்டது என்று சனங்கள் பேசினார்களாம். யாருடைய மரணத்துக்காகவும் யாருடைய பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபி சொல்லிவிட்டாராம். மகனை அப்போதுதான் இழந்த தகப்பன் அதைச் சொல்லியிருக்கிறார். நான் தேத்தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். உம்மா எழும்பிப் போய் அதைச் சூடாக்கிக்கொண்டு வந்தா.

நம் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் பாடியதா என்று கேட்டிருந்தாய். அது பௌர்ணமிக்குப் பாடுகிற மீனப்பா, அமாவாசையில் அதை எழுப்பாதே.

வருகிற ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, இன்னொன்று வருகிறது. வளையம் ஓமானுக்கும் வட இந்தியாவுக்கும். இங்கே ஓரத்தில் கொஞ்சந்தான் கடிபடுமாம். உனக்கு லீவும் ஜூனில்தானே? அந்தக் கிழமையைப் பார்த்து டிக்கெட் போடு. வாடிக்காரர் மாரிக்குப் பிறகு கூரை வேயப்போகிறாராம். ஒரு மூலையை மட்டும் பழைய கிடுகோடு விடச் சொல்லி இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன். என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார்.

உம்மாவுக்கு முழங்கால் தைலம் முடிந்துவிட்டது. பச்சை மூடிப் போத்தல், சிவப்பு அல்ல.

இப்படிக்கு,
உன் மச்சான்