எங்கே பிசகியது என்று எழுதுங்கள்: மருத்துவ மறுஆய்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மறுஆய்வுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். என் தாயாருக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை குறித்து நான் கொடுத்த முறையீட்டுக்குத் தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. தகுதி வாய்ந்த வல்லுநர்களால், அந்தந்த நேரத்தில் கிடைத்த தகவல்களின் அடிப்படையில், உரிய நெறிமுறைப்படியே சிகிச்சை அளிக்கப்பட்டுள்ளது என்று அதில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கே பிசகியது என்று நான் கேட்ட கேள்விக்கு விடையும் இல்லை.

கோப்பு தங்கள் மேசையிலேயே இருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். 11 மாதங்கள், 4 சிறப்பு மருத்துவர்கள், முதல் பக்கத்தில் எழுதப்பட்ட 'ஆஸ்துமா' என்ற ஒரு சொல், கடைசியில் இதய வால்வுச் சுருக்கம் என்று வந்த முடிவு, இவை எல்லாம் தாங்கள் அறிந்தவை. கோப்பில் எங்கும் பதிவாகாத ஒன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். அது தலையணைகளைப் பற்றியது.

முதலில் அம்மா ஒரு தலையணை கூடுதலாகக் கேட்டார். சில வாரங்களில் இன்னொன்று கேட்டார். கடைசி இரண்டு மாதங்கள் அவர் படுக்கவே இல்லை. மேசைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேசையின் மேல் மூன்று தலையணைகளை அடுக்கி, அவற்றில் ஒரு கன்னத்தைச் சாய்த்து, உட்கார்ந்த வாக்கிலேயே இரவைக் கழித்தார். விடிந்து எழும்போது தலையணை உறையின் தையல் அவர் கன்னத்தில் கோடாகப் பதிந்திருக்கும். படுத்தால்தான் மூச்சு முட்டுகிறது என்பதை அவர் ஒவ்வொரு மருத்துவரிடமும் சொன்னார். பக்கத்தில் இருந்து நானும் சொன்னேன். ஒவ்வொருவரும் நெஞ்சில் இழுப்பு கேட்கிறதா என்று பார்த்தார்கள், கேட்டது, இன்ஹேலரின் அளவு கூடியது. பிறகு ஓர் இரவில், அவசரப் பிரிவில் பணியில் இருந்த இளம் மருத்துவர், கோப்பைத் திறப்பதற்கு முன்பே, "எத்தனை தலையணை வைத்துத் தூங்குறீங்கம்மா?" என்று கேட்டார். மறுநாள் காலை, இதயத்தைப் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனை எடுத்தார்கள்.

அந்த இளைஞர் மற்ற நால்வரைவிடவும் கூடுதலாகப் படித்தவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் இன்னும் கோப்பைப் படித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

வல்லுநர்கள் தவறுவது அறியாமையால் என்றால் இந்த மடலுக்கே தேவை இருந்திராது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 கதிரியக்க வல்லுநர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்துச் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தொகுப்பில், சராசரிக் கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றை வேண்டுமென்றே பொருத்தி வைத்திருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்தக் கொரில்லாவின் மேலேயே விழுந்து நகர்ந்ததைக் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவி காட்டியது. தேடச் சொன்னதைத் தேடுவதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். என் தாயாரின் நெஞ்சிலும் ஆஸ்துமாவைத் தேடினார்கள். ஆஸ்துமாவைப் போன்ற ஓசை கிடைத்தது.

முதலில் சொன்னவர் சொல்லுக்குப் பின்னால் வருபவர்கள் எப்படிக் கட்டுப்பட்டுப் போகிறார்கள் என்பதற்கும் சான்று வேண்டுமானால், மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். உயிரியலாளர் தியோஃபிலஸ் பெயின்டர் 46-க்கும் 48-க்கும் இடையே தடுமாறி, 1923-இல் 48 என்று முடிவு கட்டினார். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் 48 என்றே சொல்லி வந்தன. நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று இது! ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று 1956-இல் வெளியிட்டபோது, அதற்கு முன்பு கல்லீரல் செல்களை ஆராய்ந்த சிலர் 48 கிடைக்கவில்லை என்பதாலேயே தங்கள் வேலையை நிறுத்திவைத்திருந்தார்கள் என்பதும் வெளியே வந்தது. தங்கள் கண்ணைவிடவும் அச்சில் இருந்த எண்ணை அவர்கள் நம்பினார்கள். என் தாயார் விஷயத்தில் முதல் பக்கத்தை நம்பிய நால்வர்மீதும் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அந்தச் சொல்லை 11 மாதங்கள் நானும்தான் நம்பினேன்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நான்கு மருத்துவர்களுக்கும் தம் கணிப்பு தவறு என்பது இன்றுவரை தெரியாது. நாங்கள் திரும்பிப் போகவில்லை. நோயாளிக்குக் குணமாகிவிட்டது என்றுகூட அவர்கள் எண்ணியிருக்கலாம். வானிலை முன்னறிவிப்பாளர்கள் மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்றால், அப்படிச் சொன்ன நாள்களில் ஏறக்குறைய அந்த அளவுக்கே மழை பெய்கிறது. வானம் அவர்களுக்கு மறுநாளே மதிப்பெண் போட்டுவிடுவதால் வந்த திறமை அது. மருத்துவருக்கு யார் மதிப்பெண் போடுவது? நோயாளி வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார், அல்லது போய்ச் சேர்ந்துவிடுகிறார். விடை தெரிந்த ஒரே இடம் தங்கள் குழுதான். தாங்களோ அதை 'உரிய நெறிமுறை' என்ற உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டீர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: எங்கே பிசகியது என்று ஒரு பக்கம் எழுதி, அதை அந்த நால்வருக்கும் அனுப்புங்கள்.

இது மருத்துவத்தோடு நிற்கும் நோயும் அல்ல. அரசியலையும் பொருளாதாரத்தையும் கணித்துச் சொல்லும் 284 வல்லுநர்களின் ஆரூடங்களை ஏறத்தாழ 20 ஆண்டுகள் சேர்த்துவைத்துச் சரிபார்த்த உளவியலாளர் பிலிப் டெட்லாக், ஊடகங்களில் அதிகம் அழைக்கப்பட்டவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்ததை 2005-இல் எடுத்துக்காட்டினார். அதனால் யாருடைய நாற்காலியும் பறிபோனதாகத் தெரியவில்லை. சென்ற முறை சொன்னது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்காதவரை அடுத்த முறையும் அதே குரலில், அதே உறுதியோடு பேசலாம் அல்லவா? உலக சுகாதார நிறுவனம்கூட 2020 மார்ச்சில் கோவிட்-19 காற்றில் பரவும் நோய் அல்ல என்று ஆணித்தரமாக அறிவித்துவிட்டு, பரவும் என்று தெளிவாகச் சொல்லி முடிக்க மறு ஆண்டு வரை எடுத்துக்கொண்டது. அடித்துச் சொன்னதிலிருந்து இறங்கி வருவதற்குத்தான் எத்தனை படிக்கட்டுகள்!

மன்னிக்கவும். உலகத்தைத் திருத்தக் கிளம்பிவிட்டேன். தங்களிடம் கேட்க வந்தது ஒரு பக்கம் மட்டுமே.

இழப்பீடோ யாருக்கும் தண்டனையோ நான் கேட்கவில்லை என்பதை முறையீட்டிலேயே எழுதியிருந்தேன். தங்கள் பதிலைப் பார்த்தால், ஏதோ வழக்குக்கு அணியமாகும் ஒருவருக்கு எழுதியதைப்போல இருக்கிறது. வால்வுக்குச் சிகிச்சை முடிந்து அம்மா தேறி வருகிறார். இதயத் துடிப்பின் சீர் குலைந்துவிட்டதால் ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை மட்டும் ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டும். அது எழுதி முடிந்த கணக்கு. ஆனால் மூச்சு முட்டுகிறது என்று வேறொருவர் இன்றும் அதே நான்கு அறைகளில் ஏதோ ஒன்றின் வாசலில் காத்திருப்பார். உள்ளே இருப்பவர் நல்லவர், கற்றவர், தான் எங்கே தவறினோம் என்று தெரியாதவர்.

எனவே, எங்கே பிசகியது என்று எழுதி அவர்களுக்கு அனுப்புமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அதன் நகல்கூட வேண்டாம். நால்வருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிவித்தால் போதும். அதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
தங்களிடம் உள்ள கோப்பின் நோயாளியுடைய மகள்