இசைக் கலைஞர்களை இயல்பாகப் படமெடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் தங்கள் நாளிதழில் வரும் கச்சேரி விமரிசனங்களை நான் ஒன்றுவிடாமல் வாசிப்பவன். எழுத்தில் உள்ள நுணுக்கம் அவற்றோடு வரும் படங்களில் இல்லையே என்ற குறை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பாடகரின் வாயையும் மோவாயையும் மைக் மறைத்திருக்கிறது. வயலின் கலைஞர் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறார். கடம் வாசிப்பவர் படத்துக்குள் வருவதே அபூர்வம். மேடைப் படம் இல்லாத நாளில், ஸ்டுடியோவில் விறைப்பாக உட்கார வைத்து எடுத்த பழைய படம் ஒன்று அச்சாகிறது.

கும்பகோணம் வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக ஒளிப்படம் எடுத்து வருகிறேன். தொடக்க காலத்தில் ஒரு தவில் கலைஞரின் வீட்டுக்கு இரண்டு பெரிய விளக்குகள், தாங்கிகள், பின்னணித் துணி எல்லாவற்றையும் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் பட்டு ஜிப்பா அணிந்து, சங்கிலி போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கியபடி அமர்ந்திருந்தார். அரை நாள் எடுத்தும் ஒரு படம்கூடத் தேறவில்லை. அடுத்த மாதம் ஒரு கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் மட்டும் தோள்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போனேன். அவர் திண்ணையில் அமர்ந்து, வலக்கை விரல்களில் தவில் தட்டுவதற்கான கடினமான கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டியபடி, தம் குருவின் வீட்டில் தண்ணீர் சுமந்த காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் விடைபெற எழுந்தபோது, "தம்பி, படம் எடுக்கவே இல்லையே" என்றார். அதற்குள் முப்பது படங்கள் எடுத்திருந்தேன்.

அன்று நான் கற்றுக்கொண்டதையே தங்கள் செய்தியாளர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். இசைக் கலைஞரைச் சிரிக்கச் சொன்னால் முகம் இறுகும். அவர் கைக்கு அவருடைய வேலையைக் கொடுத்துவிட்டால் முகம் தானாக இளகும். நாகஸ்வரக் கலைஞர் ஊதுமுனையான சீவாளியை வாயில் நனைத்து ஊதிப் பார்க்கும் நேரம், மிருதங்கக் கலைஞர் தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து ஒட்டும் நேரம், தம்புராவின் தந்திக்கு அடியில் உள்ள ஜீவா நூலை விரல்நுனியால் நகர்த்திக் காதைச் சாய்க்கும் நேரம் ஆகியவை கச்சேரிக்கு முன் எல்லோருக்கும் வாய்ப்பவை. அப்போது அவர்களுடைய கவனம் முழுவதும் ஒலியில் இருப்பதால் கேமராவை மறந்துவிடுகிறார்கள். நாகஸ்வரம் ஊதும்போது கன்னம் உப்பி, கண் சுருங்கி, மனிதரே வேறொருவராகத் தெரிவார். ஊதி முடித்துக் கருவியை மடியில் வைத்த அடுத்த நிமிடத்தில்தான் அவருடைய முகம் திரும்பி வருகிறது.

படமெடுக்கும் கருவிகளுக்கு அதிகம் செலவாகாது. வடக்கு பார்த்த ஜன்னல் ஒன்று போதும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் அதன் வழியே நேர்வெயில் விழாமல் மென்மையான ஒளியே நாள் முழுவதும் வரும். கலைஞரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்தி, நிழல் விழும் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையையோ கொடியில் காயும் வெள்ளை வேட்டியையோ பிடித்தால் கண்களில் உயிர் வரும். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். இரண்டு நிற ஒளிகள் முகத்தில் கலந்தால் தோலின் நிறம் கெடும். இருட்டான வீட்டுக்கு ஒளியை மென்மையாக்கும் மடக்குக் குடை ஒன்றும் சிறிய ஃபிளாஷ் ஒன்றும் கூடுதலாகக் கொண்டுபோனால் போதும். செல்பேசியில் எடுப்பவர்கள் முகத்துக்கு மிக அருகே போகாமல், இரண்டு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸில் எடுக்கட்டும். நெருங்கிப் போனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும்.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவியாக இருந்த தயானிதா சிங், தபேலா மேதை ஜாகிர் உசேனை மேடையில் மட்டுமின்றிப் பயணத்திலும் குடும்பத்தாரோடும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து படமெடுத்து, 1986-இல் நூலாக வெளியிட்டார். நம் தவில், நாகஸ்வரக் கலைஞர்களுக்கு அத்தகைய பதிவு மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வாழ்நாளெல்லாம் வாசித்தவர்கள் பலருக்குக் குடும்ப அட்டைக்காக எடுத்த படத்தைத் தவிர வேறு நல்ல படம் இல்லை.

ஆகவே, வரும் இசை விழாக் காலத்தில் வாரம் ஒரு கலைஞரையாவது, குறிப்பாகப் பக்கவாத்தியக் கலைஞர்களையும் கோயில் கலைஞர்களையும், அவர்கள் வீட்டிலேயே எடுத்த படத்தோடு அறிமுகப்படுத்துமாறு வேண்டுகிறேன். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டச் செய்தியாளர்களிடம் இருக்கும் செல்பேசியே இதற்குத் தொடக்கமாக அமையலாம். அச்சான படத்தின் பெரிய பிரதி ஒன்றைக் கலைஞரின் வீட்டுக்கு அனுப்பி வைத்தால் அந்தக் குடும்பம் மிகவும் மகிழும்.

இங்ஙனம்,
ஒளிப்படக் கலைஞர் ஒருவர்,
கும்பகோணம்.