தீசிஸ் கொடுத்தாயிற்று, இனி நன்றி சொல்லும் வேலை

தீசிஸை ஒருவழியாகக் கொடுத்துவிட்டேன். அதற்குள் இருக்கும் நன்றியுரை ஆங்கிலத்தில் இருக்கிறது, பெரிய பதவியில் இருப்பவர்களோடு அந்தப் பக்கமும் நிறைந்துவிட்டது. உண்மையில் இந்த வேலையைத் தூக்கி நிறுத்தியவர்களில் பலர் அதைப் பார்க்கப்போவதில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இதயத்தையும் பிபியையும் கவனித்துக்கொள்ளும் நரம்புகள் எந்த அளவுக்குப் பழுதாகியிருக்கின்றன என்பதுதான் என் கேள்வி. நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால் பக்கமும் வயிற்றுப் பக்கமும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் வளைவிலும் இருக்கும் அழுத்த உணர்விகள் உடனே மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குத் தகவல் சொல்ல, அது துடிப்பை அடக்கிவைக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தி, துடிப்பைக் கூட்டும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடும். துடிப்பு கூடும், ரத்தக் குழாய்கள் இறுகும், நமக்கு எதுவுமே தெரியாது. சர்க்கரை இந்த நரம்புகளை அரிக்கும்போதும் ஆரம்பத்தில் எதுவுமே தெரியாது, அதுதான் வம்பு. வேகஸ் மிக நீளமான நரம்பு, பெரும்பாலும் முதலில் அடிபடுவதும் அதுதான்.

எடின்பரோவில் யூயிங், கிளார்க் என்ற டாக்டர்கள் 1970-களிலிருந்து வகுத்துத் தந்த சோதனைகளையே பயன்படுத்தினேன்: நிமிடத்துக்கு 6 முறை ஆழமாக மூச்சு விடுவது, படுத்திருந்து எழுந்து நிற்பது, கைப்பிடியை அழுத்திப் பிடித்திருப்பது, குழாயில் 15 விநாடி ஊதுவது. ஈசிஜியும் பிபி மெஷினும் இருந்தால் போதும். ஆட்கள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அதனால் முதல் நன்றி, காலையில் காபி டீ இல்லாமல், பீடி சிகரெட் தொடாமல் வந்து படுத்த உங்கள் எல்லோருக்கும். காபி இல்லாத காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதை நான் யாருக்காகவும் செய்திருக்க மாட்டேன். வாசல் டீக்கடை அண்ணனுக்கும் இதில் பங்குண்டு: "டெஸ்டுக்கு வந்தீங்களா? முடிச்சிட்டு வாங்க, தர்றேன்" என்று நாங்கள் கேட்காமலேயே வியாபாரத்தை விட்டுக்கொடுத்தவர்.

கண் பிரிவு டாக்டர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மூச்சை அடக்கி ஊதும்போது அழுத்தம் ஏறும், சர்க்கரையால் விழித்திரை கெட்டுப்போனவர்களுக்கு உள்ளே ரத்தம் கசியலாம், எனவே ஒவ்வொருவருக்கும் முதலில் கண் பார்த்தாக வேண்டும். தங்கள் ஓபி கூட்டத்துக்கு நடுவே, முகம் சுளிக்காமல் பார்த்துக் கொடுத்தார்கள்.

ஈசிஜி கோடு ரம்பப் பல் மாதிரி வந்தபோது கம்பெனிக்காரர்கள் மெஷினையே மாற்றச் சொன்னார்கள். எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, எர்த் இல்லை என்று சொல்லி, அன்று மாலையே சரிசெய்தார். அப்புறம் எங்கள் சிஸ்டர்: எழுந்து நிற்பவர் தள்ளாடினால் பிடிக்க 3 நிமிடமும் பக்கத்திலேயே கை நீட்டி நின்றவர், ஒருவரைக்கூட விழ விட்டதில்லை. கைடு மேடத்துக்கு என்ன சொல்வது, என் முதல் வரைவில் அவர் போட்ட சிவப்பு மையே ஒரு தீசிஸ் அளவு இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நன்றி, சரி, அது தெரிந்ததுதானே.

ரிப்போர்ட் வாங்காதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். காலை நேரத்தில் டிபார்ட்மென்டுக்கு வாருங்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுவாருங்கள். எழுந்ததும் தலைசுற்றுகிறது என்று சொன்னவர்களுக்கு அது பிபி மாத்திரையாலும் இருக்கலாம், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். காபி குடித்துவிட்டே வரலாம்.