கூபா துணி: பின்பக்கத்தை முதலில் பார்

கண்ணு,

உங்கள் அருங்காட்சியகத்தில் கூபா துணி ஒன்றுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை உன் கைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். பழைய சீட்டில் 'காங்கோ, பழங்குடிக் கைவேலை' என்று மட்டும் இருக்கிறதாம். அதை அப்படியே விட்டுவிடாதே. அரசர் வரிசையும் தலைநகரும் வழக்கு விசாரிக்கும் மன்றங்களும் கொண்ட கூபா என்ற நாட்டின் துணி அது.

முதலில் துணியைப் பார்ப்போம். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆனால் மூலையைப் பிடித்துத் தூக்காதே. காய்ந்த ராஃபியா நார் மடிப்பு விழுந்த இடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் திருப்பு. பின்னால் தெரிவது வெறும் பாவும் ஊடையும்தான். அந்த நெசவு ஆண்களுடைய வேலை. ராஃபியா பனையின் குருத்தோலை விரியும் முன்பே அறுத்து, ஈர்க்கை நீக்கி, மேல்தோலை உரித்து எடுப்பார்கள். அதைச் சீவினால் நார். அதை நூற்பதும் இல்லை, முறுக்குவதும் இல்லை. ஒற்றை விழுதுள்ள (விழுது என்பது பாவு இழைகளைத் தூக்கும் கயிற்று வரிசை) சாய்ந்த தறியில் அப்படியே பாவாகப் போடுவார்கள். ஓலை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் பாவு. அதனால் துணி ஒரு மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். கூபா துணிகள் ஏன் எல்லாமே சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கின்றன என்று கேட்டாயே, அதற்குக் காரணம் அந்த மரம்தான். 6 மீட்டர், 9 மீட்டர் பாவாடை வேண்டுமென்றால் துண்டுகளை ஒன்றோடொன்று தைத்துத்தான் ஆக வேண்டும்.

தறியிலிருந்து இறக்கும்போது துணி சாக்கு மாதிரி விறைப்பாக இருக்கும். நனைத்து, உரலில் இட்டு இடித்துத்தான் மிருதுவாக்குவார்கள். இடி கொஞ்சம் கூடினால் ஓட்டை விழும். ஓட்டையை மூட ஒட்டுத்துணி வைத்துத் தைக்கப் போய், அந்த ஒட்டே பிறகு அலங்காரமாகிவிட்டது என்பது துறையில் பலருடைய கருத்து. நீளப் பாவாடைகளில் எழுத்துப் போல வளைந்து நெளிந்து ஓடும் ஒட்டுகளைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் தோன்றும். ஒட்டைத் தூக்கி அடியில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, தையல் அறுந்துபோகும். பின்பக்கம் வழியாகவே பார்க்கலாம்.

இனி முன்பக்கம். வெல்வெட் போல நிற்கும் அந்த மயிர் பெண்களுடைய கைவேலை. கூபா நாட்டு இனங்களில் ஒன்றான ஷோவாவின் பெண்கள் இதில் பேர் போனவர்கள். சாயம் தோய்த்த மெல்லிய நாரை ஊசியில் கோத்து, நெசவின் ஓரிரு இழைக்கு அடியில் நுழைத்து எடுத்து, இரண்டு முனையையும் சின்னக் கத்தியால் 2, 3 மில்லிமீட்டரில் நறுக்கிவிடுவார்கள். முடிச்சு கிடையாது. நெசவின் இறுக்கம் மட்டுமே அந்த மயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. தூரிகையை அழுத்தித் தேய்த்துத் தூசி தட்டினால் மயிர் உதிர்வது இதனால்தான். நல்ல வேலையில் இந்தத் தையல் பின்பக்கம் பெரும்பாலும் தெரியாது. மயிர் நீளமாய், இடைவெளி விட்டு, தையல் பின்னால் துருத்திக்கொண்டு நின்றால் சந்தைக்கு அவசரமாகச் செய்ததோ என்று சந்தேகப்படு. அளவான துண்டு ஒன்றுக்கே மாதக்கணக்கில் வேலை பிடிக்கும்.

சிவப்புக்குத் துகுலா என்ற மரத்தூள். நம் வேங்கையும் செஞ்சந்தனமும் எந்தப் பேரினமோ அதே பேரினத்து மரம். அந்தச் சிவப்பு தண்ணீர் பட்டால் ஊறி ஓடும். எனவே துவைப்பது என்ற பேச்சே வேண்டாம். வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவை) மேல் போகக்கூடாது. மடிக்காமல், அமிலமில்லாத தாள் சுற்றிய குழாயில் மயிர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி உருட்டி வை.

வடிவத்தை முன்கூட்டி வரைந்துகொண்டு தைப்பதில்லை. நினைவிலிருந்து ஊசி போகும். வரி வடிவங்களில் கணக்குப்படி சாத்தியமான 7 வகைச் சமச்சீரும், பரப்பை நிரப்பும் 17 வகையில் 12-உம் கூபா கலையில் இருப்பதாக 1971-இல் டொனால்ட் க்ரோவ் என்ற கணிதவியலாளர் காட்டினார். ஒரு வடிவம் பாதியில் திசை மாறுவதைப் பார்த்துத் தவறு என்று எழுதிவிடாதே. பாவாடை தாய்வழிக் குடும்பம் முழுவதற்கும் சொந்தம். பல பேர் ஆளுக்கொரு துண்டு செய்வார்கள், அதனால் துண்டுக்குத் துண்டு கை மாறும். இந்தத் துணியை உடுத்தித்தான் இறந்தவரை அடக்கம் செய்வார்கள். இது இல்லாவிட்டால் முன்னோர் அவரை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள் என்பது நம்பிக்கை.

நாட்டைப் பற்றியும் நாலு வரி வேண்டும். கசாய், சன்குரு, லுலுவா ஆறுகளுக்கு நடுவே, பதினேழு பதினெட்டு இனத்தார் புஷோங் இனத்து அரசருக்குக் கீழே சேர்ந்திருந்த நாடு. அரசருக்கு 'நியிம்' என்று பட்டம், தலைநகர் ந்ஷெங். 1625 வாக்கில் ஆண்ட ஷ்யாம் அம்புல் அங்கூங்கைத்தான் நாட்டை உருவாக்கியவர் என்று கொண்டாடுகிறார்கள். மக்காச்சோளம், மரவள்ளி, புகையிலை, ராஃபியா நெசவு எல்லாம் அவர் கொண்டுவந்தவை என்பது வாய்மொழி. வரலாற்றாசிரியர் ஜான் வான்சினா சொல்வது இன்னும் உறுதியான காரணம்: புதுப்பயிர்களால் விளைச்சல் மிஞ்சியது, மிச்சத்தில் பட்டம் பெற்ற அதிகாரிகள் பெருகினார்கள், அவர்களுக்குத் தகுதி காட்டத் துணியும் செதுக்குப் பாத்திரமும் தேவைப்பட்டன. கூபா கலையின் பெருக்கம் அரண்மனையிலிருந்து மட்டும் வந்ததல்ல, வயலிலிருந்தும் வந்தது.

அரசர்களுக்கு 'ந்தொப்' என்ற மரச்சிலை உண்டு. ஏறத்தாழ அரை மீட்டர் உயரம்; சம்மணமிட்ட உருவம், இடக்கையில் சடங்குக் கத்தி. முகம் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; முன்னால் இருக்கும் சின்னத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஷ்யாமின் முன்னே ஒரு குழிப்பலகை, நம் பல்லாங்குழியின் உறவு. மிஷே மிஷ்யாங் மாம்புல் என்ற அரசர் முன்னே பேரிகை. ஒவ்வொரு அரசரும் பட்டமேற்கும்போது ஒரு புது வடிவம் உருவாக்கி, அதைத் தம் பேரிகையில் பொறிக்க வேண்டும். வடிவத்துக்கு இவ்வளவு மதிப்பு கொடுத்த மக்களின் துணியைப் 'பழங்குடிக் கைவேலை' என்று முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியாக, துணி எப்படி வந்தது என்பதையும் சீட்டில் விடாதே. கறுப்பின அமெரிக்க மிஷனரி வில்லியம் ஷெப்பர்ட் 1892-இல் தலைநகருக்குள் போனார். 1900-இல் காங்கோவைத் தன் சொத்தாக வைத்திருந்த பெல்ஜிய அரசர் லியோபோல்டின் படை அதே தலைநகரைச் சூறையாடியது. பின்னே ரப்பர் வரிக்கு மக்களை அடித்து வேலை வாங்கினார்கள். அதை அச்சில் எழுதியதற்காக ஷெப்பர்ட் மேல் ரப்பர் கம்பெனி வழக்குப் போட்டு, 1909-இல் அவர் விடுதலையானார். 1908-இல் ஹங்கேரிய இனவியலாளர் எமில் டோர்டே அங்கே போய், ந்தொப் சிலைகளையும் துணிகளையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காகச் சேர்த்தார். உன் துணி எந்த ஆண்டு, யார் கை வழியாகக் கூடத்துக்கு வந்தது என்று வரவுப் பதிவேட்டைப் பார். 1900-ஐ ஒட்டிய ஆண்டாக இருந்தால் அதையும் அப்படியே எழுது. 'நன்கொடை' என்ற ஒரே சொல்லில் மறைத்துவிடாதே.

சீட்டு எழுதுமுன் துணியின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. ஓரத்தையலும் ஒட்டுகளின் விளிம்பும் தெரியட்டும், பக்கத்தில் ஒரு அளவுகோலும் வை.

அன்புடன்,
அம்மா